ஆளுக்கொரு பெஞ்சு

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. நான்கு கால்களும் தரையில் படிகின்றன. எங்கள் ஆய்வு நிலையத்தில் பாதி நாற்காலிகளுக்கு ஒரு சக்கரம் இருக்காது. எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு முறையாவது விழுந்து எழுவார்கள். என் தங்கை விழவில்லை. அவள் வேலைக்குச் சேரும் முன்பே அவளுக்காக ஒரு நல்ல நாற்காலியைப் பார்த்து எடுத்துவைத்திருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் அங்கே செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறவள். யாரோ ஒருவர் உடலிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள், தட்டையான பாட்டில்களின் அடியில் ஒட்டிப் பரவி வளரும். உடம்புச் சூடு மாறாமல் பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். நெரிசல் அதிகமானால் பிரித்து வேறு பாட்டிலில் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் நான் வெளியூர் போய்த் தங்கியதே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்மை நம்பி ஒன்று உயிரோடு இருக்கிறது என்பது ஒரு நிம்மதி.

தங்கை என்னைவிட ரொம்பச் சின்னவள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது தாண்டியும் பாப்பாதான். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. அதுவும் வயதாகி அல்ல, ஐம்பது தாண்டியவுடனேயே. முதலில் கண்ணாடியைத் தேடினாள், பிறகு சொற்களைத் தேடினாள், கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஒருநாள் நடுத்தெருவில் பேருந்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அன்று தச்சரைக் கூப்பிட்டு அவள் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். அம்மா போன பிறகும் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் மரத்தில் ஓட்டைகள் தெரியும்.

பாப்பா படிப்பை முடித்து எங்கள் நிலையத்திலேயே ஆராய்ச்சியாளராக வந்தாள். நான்தான் பேராசிரியரிடம் சொல்லி வரவழைத்தேன். இருவரும் ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே டிபன் பை. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த வருடங்கள் அவைதான்.

அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும். ஒரு செல்லின் வெளிச்சவ்வை ஏதோ ஒரு சேதி வந்து தொடுகிறது என்று வையுங்கள். வளர் என்றோ, நிறுத்து என்றோ ஒரு சேதி. அது உள்ளே நடுவில் இருக்கும் கருவுக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று புரதங்கள் அதைக் கைமாற்றும். முதலாவது இரண்டாவதைத் தட்டி எழுப்பும், இரண்டாவது மூன்றாவதை எழுப்பும், மூன்றாவது உள்ளே ஓடிப்போய்ச் சொல்லும். ஆனால் செல்லுக்குள் சந்தைக் கூட்டம். மூன்றும் ஒன்றையொன்று தேடி அலைந்தால் சேதி ஆறிப்போகும், அல்லது வேறு யார் காதிலாவது விழுந்து வேறு ஏதாவது நடந்துவிடும். அதனால் நான்காவதாக ஒரு புரதம் இருக்கிறது. அது யாரையும் எழுப்புவதில்லை, எங்கும் ஓடுவதில்லை. மூன்றையும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும். கட்டடத்துக்கு வெளியே கட்டுகிற சாரம் போல என்பதால் பாப்பா அதைச் சாரப் புரதம் என்பாள்.

சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சேதி வேகமாகப் போகிறது என்று அவள் காட்டியிருந்தாள். சேதி கருவுக்குப் போய்ச் சேர்ந்தால் பச்சையாக ஒளிவிடுகிற மாதிரி செல்களை மாற்றிவைத்திருந்தாள். சாரத்தின் மரபணுவைச் சொட்டு சொட்டாகக் கூட்டிக்கொண்டே போவாள், பச்சை கூடிக்கொண்டே வரும். இருட்டறையில் அதைப் பார்க்கும்போது குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டுத்தான் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அவளைக் கூப்பிட்டது. சொந்தமாக ஒரு குழு, சொந்தமாக ஓர் அறை. ஒரே ஒரு நிபந்தனை. அதே சோதனையை மறுபடி செய்து, அதே முடிவு வருகிறது என்று காட்ட வேண்டும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, கிடைச்சிடுச்சு."

"என்னது?"

"வேலை. நீயும் வந்துடு அக்கா. ரெண்டு பேரும் போயிடலாம்."

"நான் எதுக்கு அங்க? எனக்கு அங்க யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியுமே."

இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். பிறகும் நாலைந்து தடவை கேட்டாள், எனக்கான விசாவுக்கு என்ன வேண்டும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்.

செல்களைத் தயார்செய்து கொடுப்பது நான். வேறு எதையாவது கலந்தால் வழக்கமான பரிசோதனையில் தெரிந்துவிடும். கிருமி இருந்தால் தெரியும், நஞ்சு இருந்தால் செல் செத்துவிடும். அந்தப் பாட்டிலில் இருக்க வேண்டிய பொருளே கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் யாருக்கும் தோன்றாது. ஆகவே அவளுக்குக் கொடுப்பதற்கு முன் சாரத்தின் மரபணுவையே, அவள் நீர்க்கவைப்பதற்கு முந்தின கெட்டிக் கரைசலிலிருந்து, நான் ஒரு சொட்டுக் கலந்தேன். பச்சை அதிகமாக வரும், கணக்கு ஒத்துப்போகாது, கொஞ்ச நாள் தள்ளிப்போகும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஆனால் பச்சை மங்கியது. ஏன் என்று எனக்கும் புரியவில்லை. அடுத்த தடவை இரண்டு சொட்டு விட்டேன். இன்னும் மங்கியது. அதற்கடுத்த தடவை இருட்டு.

பாப்பா முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டாள். கருவியைச் சந்தேகப்பட்டாள். ஆய்வகத்தில் இன்னோர் ஆராய்ச்சியாளர் உண்டு, எல்லாரும் ஒட்டகம் என்போம். கழுத்து அப்படி. அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். அவரும் அவளோடு உட்கார்ந்து கருவியைப் பிரித்து மாட்டினார். கருவியில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் அளந்து ஊத்துறப்போ நீ பக்கத்துலதானே இருந்தே? சரியாத்தானே ஊத்தினேன்?"

அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு தடவை ஊத்தின மாதிரி இருந்துச்சு பாப்பா. வேணும்னுதான் ஊத்துறேன்னு நினைச்சேன்" என்றேன்.

அவள் முகம் அப்படியே நின்றுபோனது. எங்கள் வீட்டில் அந்த மாதிரி வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டு. அம்மாவின் மூளையைப் பார்த்த மருத்துவர், இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொல்லியிருந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அதற்குப் பிறகு நான் அதிகம் ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள் தாங்களே மீதியைச் செய்துகொள்கிறார்கள். ஒரு தடவை அவள் சாவியை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். ஒரு தடவை அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பைத் திருப்பி ஏற்றினேன். அவள் எதையாவது கேட்டால், "நேத்துதானே கேட்டே?" என்பேன், சாதாரணமாக, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். கையில் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பேருந்தில் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சின்ன வயதில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

பேராசிரியர் ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்ன ஆச்சும்மா உங்க தங்கச்சிக்கு? ஒரு சோதனைகூட உருப்படியா வரலையே."

 "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். அவளிடம் நேராகக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் அவரிடம் போய் அழ மனம் வரவில்லை. ஒட்டகத்துக்கு அவள்மேல் ஒரு பிரியம் உண்டு. அவரிடம், "யாரையும் பார்க்க வேண்டாம்னு சொல்றா, கொஞ்ச நாள் விட்டுடுங்க" என்றேன். அவளிடம், "அவர்தான் பாவம், உன்னைப் பார்த்தா தர்மசங்கடமா இருக்குன்னு சொல்றார்" என்றேன். எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பாப்பாவைக் கூட்டிப்போனபோது மருத்துவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். படத்தில் ஒன்றுமில்லை. நோயின் ஆரம்பத்தில் படத்தில் தெரியாது என்றார். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், நான் சொன்னேன். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டு வேலையை வேண்டாம் என்று பாப்பாவே சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் ஆபத்து. அதனால் அம்மாவின் அறையில் அவளுக்குப் படுக்கை போட்டேன். சின்ன அறைதான். கட்டில், கண்ணாடி வைத்த அலமாரி, கம்பி போட்ட ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போடுவேன், சாயங்காலம் வந்து திறப்பேன். முதல் சில நாட்கள் தட்டினாள். "அக்கா, நான் எங்கேயும் போகமாட்டேன், திறந்தே வச்சிட்டுப் போ" என்றாள். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். பிறகு தட்டுவது நின்றது.

அந்த மாதங்களில் வீடு அமைதியாக இருந்தது. நான் கதவைத் திறக்கும் சத்தத்துக்கு அவள் எழுந்து உட்கார்வாள். தலை வாரிவிடுவேன். ஆய்வகக் கதைகளைச் சொல்வேன். ஒட்டகம் அந்தச் சோதனையைக் கையில் எடுத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருமுறை அந்த மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கவில்லை. சில நாள் இடைவெளி விழுந்தது. அப்படி ஒருநாள் மதியம் அரை நாள் விடுப்பில் வந்து, சூப்பும் சாப்பாடும் வைத்த தட்டோடு கதவைத் திறந்தேன். அவள் அலமாரிக் கண்ணாடியின் முன் நின்றுகொண்டிருந்தாள். கையில் கண்மைப் பென்சில். கண்ணாடி முழுக்க ஒரு மலை வரைந்திருந்தாள். இடப்பக்கம் ஏறி, உச்சிக்குப் போய், வலப்பக்கம் இறங்கும் ஒரு கோடு. அதன்மேல் புள்ளி புள்ளியாக எண்கள்.

"அக்கா, இங்க வா. இதைப் பாரேன்." குரல் பழைய குரல். இருட்டறையில் கையைப் பிடித்துக்கொள்கிறவளின் குரல்.

"சாப்பிட வா பாப்பா."

"இரு. சாரம் கம்மியா இருந்தா கூட்டக் கூட்டப் பச்சை ஏறும். அதுதான் இந்தப் பக்கம். ஆனா ரொம்பக் கூட்டினா? மூணு பேர் ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்னு வச்சுக்கோ. பூங்காவுல ஒரே ஒரு பெஞ்சு இருக்கு. மூணு பேரும் வந்து பக்கத்துல பக்கத்துல உக்காருவாங்க, பேசிக்குவாங்க. முப்பது பெஞ்சு போட்டா என்ன ஆகும்? ஆளுக்கொரு பெஞ்சுல போய் உக்காந்துடுவாங்க. எல்லாரும் வந்திருப்பாங்க, எல்லாரும் உக்காந்திருப்பாங்க, ஒருத்தரும் பேசிக்கமாட்டாங்க. பிடிச்சு வைக்கறதுக்குன்னு இருக்கிறதே அளவுக்கு மிஞ்சினா பிரிச்சுடும் அக்கா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் எனக்கே புரியாமலிருந்தது அப்போதுதான் புரிந்தது.

"இது புதுசும் இல்ல. கணக்குப் போட்டவங்க எப்பவோ சொன்னதுதான். அளந்துதான் ஊத்தினேன்னு நம்பின வரைக்கும் நான் அந்தப் பக்கமே போகலை. அப்புறம் நீ சொன்னதும் என் கையைச் சந்தேகப்பட்டேன். பாட்டிலைச் சந்தேகப்படலை."

"சூப் ஆறுது."

"எனக்கு மறக்கலை அக்கா. ஒண்ணுகூட மறக்கலை. எந்தத் தட்டுல எவ்வளவு ஊத்தினேன், எவ்வளவு பச்சை வந்துச்சு, எல்லாம் அப்படியே இருக்கு. இதோ எழுதியிருக்கேன் பாரு. இந்தப் பச்சை வரணும்னா எவ்வளவு சாரம் உள்ள இருந்திருக்கணும்னும் கணக்குப் போட்டுட்டேன். ரெண்டு தடவை ஊத்தினாக்கூட அவ்வளவு வராது. நான் ஊத்துறதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு." பென்சில் நுனியால் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். "முதல் தடவை கொஞ்சமா. பயந்து பயந்து விட்ட மாதிரி. அடுத்த தடவை கூட. அப்புறம் இன்னும் கூட. கை பழகிட்ட மாதிரி."

பிறகு அவள் நிறுத்திவிட்டாள். கண்ணாடியில், கோட்டுக்கு நடுவே, என் முகம் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"செல்லைக் குடுக்கறது நீ மட்டும்தானே அக்கா."

நான் பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது.

"அக்கா, கதவைத் திற."

"திறந்துதானே இருக்கு."

"நீ நடுவுல நிக்கறே."

அது உண்மைதான். தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். அன்று அவள் கத்தினாள். மேல்வீட்டுப் பெண் படியில் இறங்கி வந்து என்ன என்று கேட்டாள். "எங்க அம்மாவுக்கு வந்த மாதிரியேதான்" என்றேன். அவள் என் தோளைத் தொட்டு, "நீங்க ஒருத்தரா எவ்வளவுதான் தாங்குவீங்க" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை.

மறுநாள் நகரத்தின் மறு ஓரம் வரை அலைந்து மாத்திரை வாங்கினேன். எழுதிக் கொடுத்ததைவிட அதிகமாகப் பொடித்து சூப்பில் கலந்தேன். அவளுக்கு அது தெரியும். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். எத்தனை நாள் இருக்க முடியும்? அவள் தூங்கிய பிறகு ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். கண்மை எளிதில் போகாது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மாத்திரை ஒருநாளும் தீர்ந்துபோக விட்டதில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தாள். எண்களைப் பற்றிப் பேசுவதை விட்டாள். பிறகு வேறு எதைப் பற்றியும் பேசுவதையும் விட்டாள். என்னைக் கண்டால் வாயைத் திறந்து காட்டுவாள், விழுங்கிவிட்டேன் என்பதற்கு.

எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்கே தெரியும். என் கவனக்குறைவுதான். ஒட்டகத்துக்கு நான் கொடுத்த செல்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றைக் கெடுக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? சோதனை ஒரே தடவையில் வந்துவிட்டது. அடுத்த தடவையும் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவள் கையில் வராதது தன் கையில் எப்படி வருகிறது என்று. ஆழ்குளிர்ப் பெட்டியில் பாப்பாவின் பழைய மாதிரிகள் உறைந்து கிடந்தன. அவற்றில் அவள் இன்னும் எதையும் ஊற்றாத பாட்டில்களும் இருந்தன. அவற்றை எடுத்து, உள்ளே எவ்வளவு சாரம் இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார். யாரும் அதை அளக்கமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் உங்களிடம் வந்து சொல்லி, நீங்களும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் குடிக்கவில்லை. அவர் நேராகப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். "உள்ளேயா இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார். வேறு எங்கே இருப்பாள்? அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வாயைத் திறந்து காட்டினாள். அவ்வளவு உயரமான மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆக, எல்லாம் நான்தான் செய்தேன். செல்களில் கலந்தது நான். மறதி என்று அவளை நம்பவைத்தது நான். கதவைப் பூட்டியது நான். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை என்று தெரிந்த பிறகும், தெரிந்ததனாலேயே, மாத்திரையைக் கூட்டியது நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று காலையில் உங்கள் காவலரிடம் கேட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம், கொஞ்சம் தெளிவாகத்தான் இருக்கிறாளாம். அறைக் கதவை அகலத் திறந்தே வைத்திருக்கிறார்களாம். ஆனால் அவள் வெளியே வருவதில்லையாம். வாசல் வரை வருகிறாளாம், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம், ஒரு காலை எடுத்து வெளியே வைக்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறாளாம். திறந்திருக்கிற கதவைத் தாண்டத் தெரியவில்லை. அப்படிப்பட்டவளை நான் எப்படித் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.